முதல் பெட்டியில் ஏறுகிறவர்

மலைக்கோயில் ரோப்காருக்குப் புது இரும்புவடம் பெரிய உருளையில் சுற்றி வந்து இறங்கியது.

மேலாளர் தாமோதரனுக்கு அவசரம். "உருளையைப் படுக்கப் போட்டு, வடத்தைச் சுருள் சுருளா உருவுங்க. சாயங்காலத்துக்குள்ள முடியணும்."

கூலியாள் மாசிலாமணி தயங்கினான். அப்படி உருவினால் வடம் முறுக்கிக்கொண்டு மடிப்பு விழும். நிமிர்த்தினாலும் அந்த இடம் என்றைக்காவது அறுந்துவிடும்.

"அது ஆபத்து சார்."

"எனக்கே பாடமா? செய், இல்லைன்னா வீட்டுக்குப் போ!"

"செய்யறேன் சார். ஒரே வேண்டுதல். முதல் பெட்டியில நீங்க, வீட்டம்மா, புள்ளைங்க எல்லாரும் ஏறிப்போய் சாமி கும்பிடணும்."

மேலாளர் மலையுச்சியை அண்ணாந்து பார்த்தார். பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"உருளையைத் தூக்கி அச்சில மாட்டுங்க," என்றார் மெல்ல. "அது சுத்தச் சுத்த வடம் நேரா வரட்டும். நாளைக்கு முடிஞ்சாலும் சரி."