நாற்பது டெசிபல் போட்டது யார்?

ஆலம்பொட்டல்காரர்கள் ரொம்ப நாணயமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஊர் உருப்படாமல் போனதற்கு அது ஒன்றே காரணம்.

அந்த வருடம் திருவிழா நாடகத்தில் பவுன்ராசுவுக்கு ராஜா வேஷம். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் வாயிற்காவலன் வேஷம்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். மைக்கில் ஒரே ஒரு தடவை "அடேய்!" என்று கர்ஜித்துவிட்டால் பிறவி எடுத்த பலன் கிடைத்துவிடும் என்று மனுஷர் ஏங்கிக் கிடந்தார்.

நாடகத்தன்று மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சத்தத்தை அளக்கும் மீட்டரை விழாக் கமிட்டித் தலைவர் தவசியப்பன் கையில் கொடுத்தார்.

"இதுல அறுபத்தஞ்சு டெசிபலைத் தாண்டுச்சுன்னா மைக் செட்டைத் தூக்கிருவேன். நாடகமும் கிடையாது. எவனாவது ஓயாம சத்தம் போட்டா அவனைப் பிடிச்சு அடைச்சு வைங்க. சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன்."

அவர் போனதும் தவசியப்பன் மீட்டரைப் பார்த்தார். யாரும் வாயே திறக்கவில்லை. மீட்டர் நாற்பது காட்டியது.

"யாருப்பா நாப்பது போட்டது?"

எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். காற்று, இலை, மாடு அசைபோடுவது எல்லாம் சேர்ந்தால் எந்த ஊரிலும் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லத்தான் ஆலம்பொட்டலில் ஆள் இல்லை.

"அறுபத்தஞ்சுல நாப்பது போச்சு. மிச்சம் இருபத்தஞ்சு" என்றார் மைக் செட் குழந்தைவேலு. டெசிபலைக் கத்தரிக்காய் மாதிரி கழிக்க முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், அவர் தொழிலே அதுதான்.

தவசியப்பன் பங்கு பிரித்தார். "ராணிக்குப் பத்து. மந்திரிக்கு எட்டு. ராஜாவுக்கு ஏழு."

"ஏழுல எப்படி மாமா கர்ஜிக்கிறது?"

"நாடு இருக்கிற நிலைமைக்கு ராஜாதான்யா விட்டுக்கொடுக்கணும்."

பவுன்ராசு வீட்டுக்குப் போய் ஏழில் கர்ஜித்துப் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற மனைவி செங்கமலம், "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நாற்பதைத் தின்றவனைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று திரும்பி ஓடினார்.

வேட்டை தொடங்கியது. ஆடுமாடுகளை ஊருக்கு வெளியே ஓட்டினார்கள். சேவல்களின் வாயைக் கட்டினார்கள். அரசமரத்தில் ஆட்கள் ஏறி, இலை அசையாமல் கிளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை. மூச்சு விடுகிறார்கள் என்ற குற்றத்துக்காக மிச்ச ஜனங்களை ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள்.

கடைசியில் மேடைக்கு முன்னால் தவசியப்பன், குழந்தைவேலு, பவுன்ராசு என்று மூன்றே பேர், மூக்கைப் பிடித்துக்கொண்டு. மீட்டர் முப்பத்தெட்டு.

பவுன்ராசு வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்தார். "மாமா, ஆடு போச்சு, கோழி போச்சு, ஊரே போச்சு. மரத்துமேல இருக்கிறவங்களும் நாமளும் மூச்சு விடல. இங்க மிச்சம் யாரு?"

மூன்று பேரும் மெல்ல மீட்டரைப் பார்த்தார்கள்.

"போலீஸ்காரர் குடுத்த பொருளாச்சேன்னு நம்பினோமே!" என்று நொந்துகொண்ட தவசியப்பன் அதன் முன்னால் குனிந்து, "டேய், உண்மையைச் சொல்லு! நீதானே?" என்று அதட்டினார்.

மீட்டர் சட்டென்று எண்பத்தைந்துக்குத் தாவியது.

"கேள்வி கேட்டா எப்படி எகிறுறான் பாத்தீங்களா!" என்றார் குழந்தைவேலு.

அதற்குமேல் சாட்சி எதற்கு? மீட்டரைக் கம்பளியில் சுருட்டிக் கோயில் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். திருடன் பிடிபட்டதால் அறுபத்தைந்தும் ராஜாவுக்கே என்று தீர்ப்பானது. பவுன்ராசுவுக்குத் தலைகால் புரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில், ஏரிக்கரைக்குப் போன ஜனங்கள் திரும்பி வந்ததும் நாடகம் ஆரம்பித்தது. அறுபத்தைந்தில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று குழந்தைவேலு குமிழைக் கடைசிவரை திருகினார்.

"அடேய்!" என்றார் பவுன்ராசு.

ஊருக்கு வெளியே மேய்ந்த மாடுகள் பக்கத்து ஊருக்கே போய்விட்டன. மரத்தில் இருந்தவர்கள் பொத்தென்று விழுந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

பவுன்ராசு சிம்மாசனத்திலிருந்து எழுந்து பணிவாகக் கும்பிட்டு, மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"ஐயா! சத்தம் போட்டவனைப் பிடிச்சு அடைச்சாச்சு! இப்ப ஊரு எம்புட்டு அமைதியா இருக்குன்னு கேட்டுப் பாருங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். ஒரு எழுத்துகூட, அடைத்துப்போயிருந்த யார் காதிலும் விழவில்லை.

பவுன்ராசுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "தங்கமான மனுஷன் மாமா. ராஜாவுக்குக் குறையக் கூடாதுன்னு, அவரு ஏழுக்குள்ளயே பேசுறாரு பாருங்க!"