பத்தாவது ஞாயிறு

அன்று சந்தியாகுவின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும் நிலோஃபர், வயது முப்பத்து நான்கு. ஒன்பது வாரமாக அவரிடம் பாடம் கேட்கும் சந்தியாகு, வயது அறுபத்து மூன்று. குக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்து உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டுச் சொர்ணத்தாய். அவர் தன் வயதைச் சொல்வதில்லை.

டிவிக்கு முன்னால் இருந்த பெட்டி இரண்டாயிரத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. டெலிபோன் வயரைச் செருகினால் இன்டர்நெட்டுக்குப் போய் வெளியூர்க்காரர்களோடு விளையாடும். மகன் ஜெர்வின் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பரீட்சைக்கு நாற்பது நாள் முன்பு, சந்தியாகு அந்த வயரைக் கத்தரிக்கோலால் வெட்டினார்.

பிறகு வேறு சண்டைகளும் வந்தன. ஜெர்வின் இப்போது பெல்ஜியத்தில். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

பத்து வாரம் முன்பு தன் அத்தை மூலமாக ஒரு செய்தி அனுப்பினான். “அதே பெட்டி இங்க ஒண்ணு வாங்கியிருக்கேன். நம்மூர் நேரத்துக்கு ஞாயிறு நாலுலருந்து அஞ்சு வரைக்கும் அந்த விளையாட்டுலதான் இருப்பேன். அப்பாவுக்குப் பேசணும்னா அங்க வரட்டும். பத்து ஞாயிறு பார்ப்பேன்.”

ஒன்பது போய்விட்டது.

நிலோஃபரே இணைத்துக் கொடுத்திருப்பார். சந்தியாகு விடவில்லை. “வெட்டினது நான்” என்றார்.

மணி நான்கு இருபது. திரையில் மறுபடியும் அதே வரி வந்தது: லைன் இல்லை.

“முன்னூறு எம்பி நெட்டு வாங்கியுமா லைன் இல்லங்கு?” என்றார் சொர்ணத்தாய். “எங்க வீட்டுல முப்பதுதான். சீரியல் நிக்காம ஓடுது.”

“நீ சும்மா இரு தாயி.” சந்தியாகு திரும்பினார். “டீச்சரம்மா, முதல்ல முப்பது போட்டேன். அப்புறம் நூறு. இப்ப முன்னூறு. இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?”

நிலோஃபர் பையிலிருந்து ஒரு பழைய டெலிபோனை எடுத்தார். பெட்டியில் இருந்த வயரை உருவி அதில் செருகி, ரிசீவரை அவர் காதில் வைத்தார்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணுமே கேக்கல.”

“பெட்டிக்கும் அதேதான் அண்ணாச்சி. போன் சத்தம் கேட்டாத்தான் அது கிளம்பும்.” ரிசீவரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “நான் கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் எங்க?” என்றார்.

“பீரோல இருக்கு. அது வேகத்தைக் குறைக்குது. அதான் கழட்டிட்டேன்.”

“குறைக்கத்தான் கொடுத்தேன். பழைய போன் வேகந்தான் பெட்டிக்குப் புரியும்.”

சொர்ணத்தாய் சிரித்தார். சந்தியாகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், அதில் செருகும் மோடம், ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. ஒவ்வொன்றாக எண்ணித் தரையில் வைத்தார். நெட் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். மோடத்திலிருந்து பேட்டரி வழியாக டெலிபோனுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது வயரின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு இருந்தது.

“புது வயர் என் பையில இருக்கு” என்றார் நிலோஃபர்.

“இதுதான் வேணும்.”

மூன்று முறை கழற்றி மாட்டினார். நான்காவது முறை ரிசீவரை எடுத்தார். கொர்ர் என்று ஒரே சத்தம், ஏறாமல் இறங்காமல்.

ரிசீவரைக் கீழே வைத்தார். பிறகு வயரைப் பெட்டிக்கு மாற்றினார்.

“எந்த நம்பர் போடணும்?”

“எதைப் போட்டாலும் சின்னக் கம்ப்யூட்டர் எடுக்கும்.”

வீட்டின் பழைய நம்பரைப் போட்டார். பெட்டி கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. சொர்ணத்தாய் காதிலிருந்து கையை எடுத்தார்.

மணி நான்கு ஐம்பத்திரண்டு. திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சந்தியாகு. இன்னொன்று ஜெர்வின்.

சந்தியாகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த விளையாட்டில் ஒரு தடவைக்கு முப்பத்திரண்டு ஆங்கில எழுத்துதான் அனுப்பலாம். அந்த அளவுக்கு எண்ணி எண்ணிப் பதினொரு வரி எழுதி வைத்திருந்தார். பரீட்சையைப் பற்றி, கத்தரிக்கோலைப் பற்றி, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் பற்றி.

முதல் வரியைத் தட்ட ஆரம்பித்தார். நிலோஃபர் தாளை எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, போன்ல என்ன கேட்டுது?”

“கொர்னு ஒரு சத்தம்.”

“ஏன் அப்படிப் பண்ணினேன்னு ஏதாவது சொல்லிச்சா? லைன் இருக்குன்னு மட்டுந்தானே சொல்லிச்சு?”

சந்தியாகு விரலை எடுத்தார். தட்டியதை அழித்தார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு விசையாகத் தேடி, ஆங்கில எழுத்தில் ‘இருக்கேன்’ (irukken) என்று தட்டினார்.

“டீச்சரம்மா, முப்பத்திரண்டுல ஏழுதான் ஆச்சு.”

“மீதியை விட்டு வைங்க. அவர் பேசணும்ல.”

சந்தியாகு பொத்தானை அழுத்தினார். இருபத்தைந்து எழுத்துக்கு இடம் மீதி.