விரலில் ஒரு வாஷர்

"ஏனுங்க டீச்சர், எனக்கு எப்பத்தான் கலர் குடுப்பீங்க?"

கேட்டவர் பெரியண்ணன். வயசு ஐம்பத்திரண்டு. நாமக்கல்லில் இருபத்தேழு வருஷம் லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது ஓசூர்ப் பக்கம், மண் தோண்டுகிற எக்ஸ்கவேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் பாகங்களைப் பூட்டுகிற வேலை.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. வயசு முப்பத்தொன்று. அந்த வரிசையில் வேலை கற்றுத் தருவது அவள்தான். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"காலைல சாப்டீங்களா அண்ணே?" என்றாள்.

"கலரைக் கேட்டா சோத்தைக் கேக்குறீங்களே!"

அங்கே ஒரு வழக்கம். போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கியதும், முறுக்கிய ஆள் பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். என்றைக்காவது போல்ட் நெகிழ்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு ஒரு நிறம். ஜெசிந்தாவுக்கு ஊதா. வண்டி எந்த ஊர் மண்ணில் கிடந்தாலும், பார்த்தவுடன் இது யார் கை என்று தெரியும்.

கற்றுக்கொள்கிறவருக்கு நிறம் கிடையாது. பெரியண்ணன் முறுக்குவார். ஜெசிந்தா வந்து ஊதாக் கோடு போடுவாள். ஆறு மாசமாக இதுதான்.

இன்றோடு பயிற்சி முடிகிறது. சாயங்காலத்துக்குள் நிறம் கிடைத்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் நாமக்கல் பஸ்.

"ஊட்டுல போன் பண்ணி, பையைக் கட்டிட்டீங்களான்னு கேக்குறாங்க டீச்சர்."

"அந்த வளையத்தைப் பூட்டுங்க. பாக்கலாம்."

எக்ஸ்கவேட்டரின் மேல் பாதி மொத்தமும் அந்த வளையத்தின் மேல்தான் சுற்றும். அதற்கு முப்பத்தாறு போல்ட். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வாஷர். போல்ட் தலை ஒரு குழிக்குள்ளே போய் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் வாஷர் இருக்கா இல்லையா என்று டார்ச் அடித்தாலும் தெரியாது.

பெரியண்ணன் ஏதோ பழைய பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மத்தியானம் மூன்று மணிக்கு முதல் முறுக்கு முடிந்தது. இனி கடைசி முறுக்குத்தான்.

முப்பத்தாறு வாஷரும் எண்ணி வைத்து ஸ்டோரிலிருந்து வந்த தட்டைப் பார்த்தார். பாட்டு நின்றது.

தட்டில் ஒரு வாஷர் கிடந்தது.

நாமக்கல்லாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. வண்டியைப் பிரித்துப் பூட்டினால் நாலு சாமான் மிஞ்சத்தான் செய்யும். "கம்பெனிக்காரன் வெட்டியா வச்சிருந்தான்" என்று சிரித்துவிட்டு டப்பாவில் போடுவார்கள். பெரியண்ணனிடம் அப்படி மூன்று டப்பா இருந்தது.

வெளியே, எக்ஸ்கவேட்டரை ஏற்றிப்போக வந்திருந்த டிரெய்லர் டிரைவர் பன்னீர் ஹாரன் அடித்தான். "என்னப்பா, பொண்ணு அலங்காரம் முடியலையா? மாப்ள வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க!"

பெரியண்ணன் வாஷரை எடுத்துக்கொண்டு போய் ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"ஒண்ணு மிஞ்சிருச்சுங்க. ஸ்டோர்ல கூடுதலாப் போட்டிருப்பாங்க. இல்லீங்களா?"

அவள் வாஷரை வாங்கி, அவர் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டாள்.

"மோதிரம் எடுப்பா இருக்கு அண்ணே. போய்க் கடைசி முறுக்கை முறுக்குங்க. கழண்டு விழாம பாத்துக்கங்க."

டம்ளரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

பெரியண்ணன் டார்க் ரெஞ்சை எடுத்தார். அளவான முறுக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ரெஞ்ச் அது.

முதல் போல்ட்டில் ரெஞ்சை மாட்டிக் கையைப் போட்டார். விரலில் கிடந்த வாஷர் பிடியில் பட்டது.

டிங்.

கையை மாற்றிப் பிடித்தார்.

டிங்.

முறுக்காமலே அடுத்த போல்ட்டுக்குப் போனார்.

டிங்.

"அட போ!" என்று ரெஞ்சைக் கீழே வைத்தார்.

முதல் போல்ட்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

பன்னீர் உள்ளேயே வந்துவிட்டான். "யோவ் பெரியவரே, பூட்டச் சொன்னா கழட்டுறீரு? இன்னைக்கு நான் கிருஷ்ணகிரி தாண்டணும்யா!"

"தாண்டலாம் இருப்பா. இது சுத்துறப்ப பக்கத்துல நாலு பேரு நிப்பான். அவன் ஊட்டுல உள்ளவங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்களா?"

பன்னீர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "அப்ப எனக்கும் ஒரு டீ சொல்லுங்க."

ஒவ்வொன்றாகக் கழற்றுவதும், பார்ப்பதும், பூட்டுவதுமாகப் போனார். இருபத்துமூன்றாவதில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மேலே போனார்.

முடிக்கும்போது ஐந்தரை மணி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெசிந்தா வந்து நின்றாள்.

"என்ன அண்ணே?"

"முப்பத்தாறுக்கும் இருக்குதுங்க. எதுலயும் குறையலை."

"அப்ப இந்த மோதிரம் எங்க இருந்து வந்துச்சு?"

"அதைத்தானுங்க நானும் கேக்குறேன்."

"நான்தான் தட்டுல போட்டேன்."

பன்னீர் பெட்டியை விட்டு எழுந்தான். "அடிப்பாவி! இதுக்காகவா நான் ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன்?"

பெரியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாஷரை விரலிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அவள் வாங்கவில்லை.

"அண்ணே, நான் போட்டது ஒண்ணு இல்லை. ரெண்டு."

பன்னீர் இவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பாவம், தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடியும் பெட்டியில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியண்ணன் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டு எடுத்து விரித்தார். உள்ளங்கையில் இன்னொரு வாஷர்.

"இருபத்துமூணாவதுல ரெண்டு இருந்துச்சுங்க. எண்ணெயில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு."

ஜெசிந்தா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். மேல் பையிலிருந்து ஒரு புதுப் பெயிண்ட் பேனாவை எடுத்துத் தூக்கிப் போட்டாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"ரோஸ்தான் மிச்சம் இருக்கு. பரவாயில்லையா?"

"எம் பேத்திக்குப் புடிச்ச கலருங்க."

ரெஞ்சை எடுத்து முதல் போல்ட்டில் மாட்டினார்.

டக்.

பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, கோட்டை இழுத்தார். கோணல்தான். ஆனால் ரோஸ்.

ஜெசிந்தா போகப் போனவள் திரும்பினாள்.

"ஆமா, ரெண்டாவது கிடைச்சதை ஏன் அண்ணே முதல்லயே சொல்லலை?"

பெரியண்ணன் அடுத்த போல்ட்டில் ரெஞ்சை மாட்டினார்.

"நீங்க போட்டதை எண்ணிப் போட்டீங்களான்னு நானும் பாக்க வேண்டாமுங்களா டீச்சர்?"