பெருக்க வந்த சுபேதார்

வடக்கே, பனிமலைக் கணவாய்க்கு அப்பால், சாலை போடும் ராணுவப் பிரிவு ஒன்று முகாமிட்டிருந்தது. நூற்று நாற்பது பேர். நவம்பரில் கணவாய் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். அதுவரை மேலே இருப்பவர்கள் மேலேயே இருக்க வேண்டியதுதான்.

அங்கே ஞானதிரவியம் என்றொரு சுபேதார் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர். வயது நாற்பத்தாறு. இளமையில் தேவாலயப் பாடகர் குழுவில் பிடில் வாசித்தவர்.

அதே முகாமில் முடிவெட்டுபவர் மாசிலாமணி. நன்னிலம் பக்கத்து ஆள். வயது முப்பத்தொன்று. தவில் வாசிக்கும் குடும்பம். முகாமின் பதவி வரிசையில் கடைசி ஆள் அவர்.

முந்தைய குளிர்காலத்தில் ஒன்று நடந்தது. சுபேதாரின் கீழ் இருந்த ஒரு சிப்பாய் ஜனவரியில் பேச்சைக் குறைத்தான். பிப்ரவரியில் நிறுத்திவிட்டான். சாப்பிடுவான், பனி தள்ளுவான், கேட்டால் தலையாட்டுவான். மார்ச்சில் ஹெலிகாப்டர் வந்து அவனைக் கீழே கொண்டுபோனது.

அவன் அறைக்கு அடுத்த அறை சுபேதாருடையது. அங்கே கட்டிலுக்கு அடியில் பிடில் பெட்டி இருந்தது. அதைத் திறந்து வாசித்திருந்தால் அவன் பேசியிருப்பானா என்று அவருக்குத் தெரியாது. ஐந்து மாதமும் திறக்கவில்லை என்பது தெரியும்.

ஹெலிகாப்டர் போன மறுநாள் அவர் மாசிலாமணியிடம் போனார்.

"எனக்குத் தாளம் நிக்காது. எழுதி வச்சதைப் பார்த்துத்தான் வாசிப்பேன். தாளை எடுத்துட்டா கை நின்னுரும். சொல்லித் தருவீரா?"

"தர்றேன் சாப். பிடில் பெட்டியிலயே இருக்கட்டும். கையைக் கொண்டாங்க."

அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேல் சுபேதார் சீடர். தொடையில் தட்டித் தட்டித் தாளச் சொற்கட்டு படித்தார். மாசிலாமணியை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார். மாசிலாமணி மட்டும் 'சாப்' என்ற ராணுவ மரியாதையை விடவில்லை.

அக்டோபர் வந்தது. இந்தக் குளிர்காலத்தை ஊமையாக விடுவதில்லை என்று சுபேதார் முடிவு செய்துவிட்டார். முகாம் தலைவரான மேஜரிடம் கேட்டு ஒரு காலிக் கொட்டகையை வாங்கினார். மூன்று மொழிகளில் நோட்டீஸ் எழுதி, முத்திரை குத்தி, சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினார்: சங்கீதம் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும்.

ஐந்து நாள் ஒரு பெயரும் இல்லை. ஆறாம் நாள் ஒன்று இருந்தது. பிஜ்லி. அது தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதையின் பெயர்.

மேஜர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சொன்னார்:

"சுபேதார் சாப், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை வைக்க இடமில்லை. மாதக் கடைசிக்குள் ஐந்து பேரைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கொட்டகை பீப்பாய்க்கு."

இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அன்று மாலை சுபேதார் வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தார்.

"நூத்தி நாப்பது பேர்ல ஒருத்தனுக்குக் கூடவா சங்கீதம் இல்லாம போச்சு? நான் எங்கவே போய்த் தேடுவேன்?"

மாசிலாமணி சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நாளைலேர்ந்து கடைக்கு வாங்க சாப்."

"வந்து?"

"விழுற முடியைப் பெருக்குங்க."

சுபேதார் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. இருபத்தாறு வருட சேவை. தோளில் நட்சத்திரம். அவர் ஒரு சொல் சொன்னால் முப்பது பேர் பனிக்குள் இறங்குவார்கள். அவர்கள் முன்னால் துடைப்பம் பிடிப்பதா? அன்று முழுவதும் யார்மீதாவது எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மாலையில் நடந்துபோகும்போது பேச்சை நிறுத்திய சிப்பாய் இருந்த அறையில் புது ஆள் ஒருவன் கம்பளி விரித்துக்கொண்டிருந்தான். சுபேதார் சற்று நேரம் வாசலில் நின்றார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குக் கடையில் இருந்தார்.

"துடைப்பம் எங்க?"

"கதவுக்குப் பின்னால, சாப்."

முடிவெட்டும் கடை என்பது தகரக் கொட்டகை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு. அடுப்புச் சூட்டுக்காக, முடி வெட்டாதவர்களும் வந்து சுவரோரம் குந்தியிருப்பார்கள்.

அன்று கதவைத் திறந்தவன் ஒவ்வொருவனும் துடைப்பத்தோடு சுபேதாரைப் பார்த்து விறைத்து சல்யூட் அடித்தான். சுவரோரம் யாரும் உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.

"எல்லாம் மரக்கட்டை மாதிரி இருக்கானுவ" என்றார் சுபேதார், மாலையில்.

"நீங்க அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தீங்க சாப்."

"பார்க்காம?"

"தரையைப் பாருங்க. முடி தரையிலதானே கிடக்கு."

மறுநாள் சுபேதார் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். தோளில் எதுவும் இல்லை. தரையைப் பார்த்துப் பெருக்கினார். அன்றும் பேச்சு எழவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் இருமினான். ஒருவன் அடுப்பருகே குந்தினான். நான்காம் நாள் அவர்களுக்கு அவர் இருப்பதே மறந்துபோனது.

அப்போதுதான் சுபேதாருக்குக் காது திறந்தது.

மாசிலாமணியின் கத்தரி முடியை மட்டும் வெட்டவில்லை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே வெறும் காற்றில் தட்டிக்கொண்டிருந்தது. தகிட, தகிட, தகிட. ஆள் மாறினால் தட்டும் மாறும். ஐந்து தட்டுகள் கொண்ட சுற்று வரும். பிறகு ஏழு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சுபேதாரின் கண்ணுக்குப் பூட்ஸ்கள் தெரிந்தன. பெரும்பாலான பூட்ஸ்கள் சும்மா இருந்தன. ஒன்றிரண்டு சும்மா இல்லை.

பல்வந்த் நேகி, கட்வால் மலைக்காரன், புல்டோசர் ஓட்டுபவன். கத்தரி ஏழில் போனபோது அவன் குதிகால் ஏழில் போனது. ஓரிடத்திலும் பிசகவில்லை.

காம்ப்ளே, கோலாப்பூர்க்காரன், சமையல் கூடத்தில் இருப்பவன். கத்தரி நின்ற இடைவெளியில் தன் முழங்காலில் இரண்டு விரலால் நிரப்பினான்.

லல்தங்கா, மிசோரம், ரேடியோ ஆபரேட்டர். அவன் கால் அசையவில்லை. ஆனால் வாய் மூடியபடி, அடுப்பின் இரைச்சலுக்குள் ஒளித்து, கீழ்ச்சுருதியில் ஏதோ முனகினான். சுபேதாருக்கு அந்தச் சுருதி தெரிந்தது. தேவாலயத்தில் பின்வரிசையில் நிற்பவர்கள் பாடும் சுருதி அது.

அன்று மாலை சுபேதார் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மூணு பேரு வாத்தியாரே! நீரு, நான், ஆக அஞ்சு. நாளைக்கே வரச் சொல்லி உத்தரவு போடுதேன்."

"போடுங்க சாப்."

மறுநாள் மூவரும் காலிக் கொட்டகைக்கு வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். சுபேதார் சீருடையில் இருந்தார்.

"நேகி, உனக்கு என்ன வாசிக்கத் தெரியும்?"

"ஒன்றும் தெரியாது, சாப்."

"தாளம் போட்டாயே!"

"அது எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அடிக்கிற அடி, சாப். சங்கீதம் இல்லை."

"காம்ப்ளே?"

"எனக்கு ரொட்டி சுடத் தெரியும், சாப்."

"லல்தங்கா?"

"மன்னிக்க வேண்டும், சாப். ரேடியோ அறையில் சத்தம் போட்டேன் என்று யாராவது புகார் சொன்னார்களா?"

சுபேதார் அவர்களைப் போகச் சொன்னார். நேரே முடிவெட்டும் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை நாளா என்னைப் பெருக்க வச்சீரு. பெருக்கினேன். ஆளைக் கண்டுபிடிச்சேன். மூணு பேரும் இல்லவே இல்லன்னு சாதிக்கானுவ. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நான் விடப்போறதில்ல. என்ன பண்ணணும், சொல்லும்."

"நாளைக்குப் பெருக்க வேணாம் சாப். பிடிலை எடுத்துட்டு வாங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

"அவனுவ முன்னாலயா? வாசிச்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. குளிர்ல விரல் மடங்காது. தாளும் இல்ல. தப்புத் தப்பா வரும்வே."

"வரும்" என்றார் மாசிலாமணி.

சுபேதார் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். நான்கு தந்திகளில் கீழ்ச்சுருதித் தந்தி அறுந்திருந்தது. தந்தியை முறுக்கும் முளைகள் வறண்ட காற்றில் சுருங்கி வழுக்கின. சுண்ணக்கட்டியைத் தேய்த்து முளைகளை நிறுத்தினார். கையுறையின் விரல் நுனிகளை வெட்டினார்.

மறுநாள் காலை கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாற்காலியில் நேகி, பாதி வெட்டிய தலையோடு. சுவரோரம் காம்ப்ளேயும் லல்தங்காவும்.

சுபேதார் அடுப்பருகே ஒரு பெட்டியில் உட்கார்ந்து வில்லை எடுத்தார். மாசிலாமணியின் கத்தரி ஏழில் தட்ட ஆரம்பித்தது.

முதல் ஓசை கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டது. யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கி இருமினான். சுபேதார் நிறுத்தவில்லை. ஒரு சுற்று வந்தார். ஏழில் தொடங்கி எட்டில் போய் விழுந்தார். மறுபடி தொடங்கினார். மறுபடி எட்டு. காது மடல் சிவந்தது. மூன்றாம் முறை தொடங்கினார். கத்தரி ஓரிடத்தில் இருந்தது. பிடில் வேறெங்கோ இருந்தது.

"அப்படி இல்லை, சாப்!"

நேகி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே இழுத்துவிட்டான். எட்டி, சுவரோரம் இருந்த தகர டப்பாவைப் பிடித்தான். "இதோ, இங்கே வந்து உட்காரணும். கேளுங்கள்." அடித்தான். மூன்று, நான்கு. மூன்று, நான்கு.

சுபேதார் கேட்டார். தலையாட்டினார். மறுபடி வாசித்தார். மறுபடி தவறினார்.

"என்ன சாப் நீங்கள்" என்று காம்ப்ளே பக்கத்தில் வந்து குந்தினான். அவன் விரல்கள் மரப்பெட்டியில் விழுந்தன. இரண்டு தட்டுகளுக்கு நடுவே பிடில் நிற்க இடம் கிடைத்தது. சுபேதார் ஏழில் வந்து இறங்கினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்தாறு சுற்று போன பிறகு, அறுந்த தந்தியின் இடத்தில், கீழே, ஒரு குரல் கேட்டது. லல்தங்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

நேகியின் மீதி முடியை அன்று மத்தியானம்தான் வெட்டினார்கள்.

மாதக் கடைசி நாளன்று மேஜர் கொட்டகைக்கு வந்தார். அது பூட்டியிருந்தது. சத்தம் வந்த திசையில் நடந்து, முடிவெட்டும் கடைக் கதவைத் திறந்தார். உள்ளே பதினான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழ முயன்றவர்களைக் கையசைத்து உட்கார வைத்துவிட்டு, கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"கொட்டகைச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள், சுபேதார் சாப்."

சுபேதார் பிடிலை இறக்கினார்.

"வேண்டாம், சாப். பீப்பாய்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது போதும்."

நவம்பர் எட்டாம் தேதி கணவாய் மூடியது. அந்த வருடம் பனி அதிகம். இரண்டு முறை ரேடியோ கம்பம் சாய்ந்தது. பிப்ரவரியில் பதினொரு நாள் யாரும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அந்தப் பதினொரு நாளும் கொட்டகைகளுக்கு இடையே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் முடிவெட்டும் கடைக்கு வந்தார்கள். வெட்ட முடி இல்லாதவர்களும் வந்தார்கள். புது ஆள் ஒருவன் ஜனவரியில் பேச்சைக் குறைத்தான். சுபேதார் அவனை அடுப்பருகே இழுத்து உட்கார வைத்துக் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். அவன் மிக மோசமாக அடித்தான். நேகி அவனோடு தினமும் சண்டை போட்டான். மார்ச் மாதம் அவனும் திருப்பிச் சண்டை போட்டான்.

ஏப்ரலில் கணவாய் திறந்தது. முதல் வண்டியில் சுபேதார் விடுமுறைக்குக் கீழே போக வேண்டும். அன்று காலை மாசிலாமணியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சாப்."

"அந்த மூணு பேருக்குள்ளயும் பாட்டு இருக்குன்னு உமக்கு எப்பத் தெரியும்?"

"அவங்க முதமுதல்ல முடிவெட்ட வந்த அன்னைக்கே."

"அப்ப நான் கேட்ட அன்னைக்கே பேரைச் சொல்லியிருக்கலாமே!"

மாசிலாமணி போர்வையை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

"லல்தங்கா அதுக்கு முந்தின குளிர்லயே என்கிட்ட கேட்டார் சாப். சர்ச் பாட்டுப் பாடினா கூட வாசிக்க இங்க யாராச்சும் உண்டான்னு."

சுபேதார் சட்டென்று திரும்பினார்.

"நீரு என்ன சொன்னீரு?"

"யாரும் இல்லேன்னேன்."

"நான் இருந்தேனேவே! கட்டிலுக்கு அடியில பிடிலை வச்சுக்கிட்டு, பத்தடி தூரத்துல இருந்தேனே!"

மாசிலாமணி கத்தரியை எடுத்தார். சுபேதாரின் பின்னந்தலையில் இரண்டு விரலை வைத்தார்.

"பெட்டி மூடியிருந்தா நீங்களும் 'இல்லை'தான் சாப், அவங்க மாதிரியே. தலையைக் கொஞ்சம் குனிங்க."

சுபேதார் குனிந்தார்.