ஊளையிட்ட மைக்

மைக் ஊளையிட்டது. எட்டுப் பேர் பேசினார்கள், எட்டுப் பேரும் தோற்றார்கள். நடந்த கேடு இவ்வளவுதான்.

ஒரு கல்லூரி. அதன் இரண்டாவது மாடியில் ஒரு கூடம். கூடத்தில் ஒரு மேடை, மேடையில் ஒரு சாய்வு மேசை, அதன்மேல் வளைகிற கழுத்தோடு அந்த மைக். மேடை மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. எதிரே அறுபது நாற்காலிகள், தலைக்கு மேலே நாலு மின்விசிறிகள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே ‘பேச்சும் கேட்பும்’ என்று ஒரு பாடம் நடந்தது.

நடத்தியவர் தவமணி மேடம். அவர் தேர்வு வைக்கிற முறை வேறு. ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். முடித்ததும் மேடம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிச் சீட்டு எடுப்பார். சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் எழுந்து, பேசியவர் என்ன சொன்னார் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் இருவருக்கும் மதிப்பெண். விழித்தால் இருவருக்கும் முட்டை. பேசினவரையும் கேட்டவரையும் மேடம் ஒரே நுகத்தில் பூட்டிவிட்டார்.

முதல் தேர்வில் பேசிய எட்டுப் பேரும் முட்டை வாங்கியதற்குப் பிள்ளைகள் காரணமில்லை. யார் வாயைத் திறந்தாலும் மைக் ‘கீ’ என்று இழுத்தது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன கேட்கும்? ஆரோக்கியராஜ் என்ற பையன் தலைவர் முதல் தண்ணீர் கொண்டுவந்தவர் வரைக்கும் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து முடிக்கவே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டான். நல்ல வேளை, அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குச் சீட்டு விழுந்த பெண் எழுந்து நின்று, ஏதோ சத்தம் கேட்டது மேடம் என்றாள். அது உண்மை. உண்மைக்கு மதிப்பெண் இல்லை.

மைக்குக்கு இதில் ஒரு வெட்கமும் கிடையாது. இந்தக் கூடத்தில் பேசுவது தான்தான் என்பது அதன் முடிவு. ஆட்கள் வருவார்கள், எதையாவது முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போவார்கள். ஊர் கேட்பது தன் குரலை. ஆகவே மேடையின் முதல் மரியாதை தனக்குத்தான்.

அந்த எண்ணத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது பெட்டி. அது மைக்கை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடும். மைக் ஒரு மடங்கு சொன்னால் பெட்டி அதை நூறு மடங்காக்கிச் சொல்லும். அந்த நூறு மைக்கின் காதில் வந்து விழும். ஆகா, என்ன கம்பீரம் என்று மைக் அதையே மறுபடி எடுத்துக் கொடுக்கும். பெட்டி ஆயிரமாக்கும். இரண்டும் ஒன்றையொன்று மெச்சிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஊளை. இடையில் பேச வந்தவர் சொன்னது எங்கே போயிற்று என்று இரண்டுமே தேடவில்லை. மைக் தன் கழுத்தைக்கூட மெல்ல மெல்லப் பெட்டியின் பக்கமே சாய்த்து வைத்திருந்தது. பேசுகிறவர் முன்னால் நிற்பார். மைக்கின் முகம் மூலையைப் பார்த்திருக்கும்.

தேர்வு முடிந்த அன்று கூடத்தைப் பூட்ட வந்தார் சுடலைமுத்து. கல்லூரியின் அட்டெண்டர். மேடத்திடம் அவர் சொன்னது மைக்கின் காதில் விழுந்தது. தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் அதற்கு நன்றாகக் கேட்கும்.

“வர்ற வெள்ளிக்கிழமையும் இது ஊளை போட்டா, தூக்கிப் பின்ரூம்ல போட்டிருவேன் மேடம். சொல்லிட்டேன்.”

பின்ரூம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நாக்கு இல்லாத மணி அங்கே கிடந்தது. ஒரு கால் போன மேசை கிடந்தது. ஒரு காலத்தில் சுவரில் படம் காட்டிப் பெருமை அடித்த கருவி ஒன்று, மூஞ்சியில் தூசியோடு, யாருக்கும் எதையும் காட்டாமல் கிடந்தது. உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததாகத் தகவல் இல்லை. அடுத்தது தான் என்பது மைக்குக்குப் புரிந்தது.

உடனே என்ன செய்தது? எல்லாரும் செய்வதைத்தான். பழியைப் போட இடம் தேடியது.

முதலில் மின்விசிறிகளிடம் போயிற்று. உங்கள் கடகடப்பில்தான் என் குரல் கெடுகிறது என்றது. நாங்கள் சுற்றுவது எல்லாருக்கும் காற்று வர, நீ கத்துவது யாருக்கு என்று அவை கேட்டன. மைக் பேச்சை மாற்றியது. அடுத்து மேசையிடம், நீ ஆடுகிறாய் என்றது. ஆடுவது நானில்லை, ஏறி நிற்கிற பிள்ளைகளின் முழங்கால் என்றது மேசை.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய ஒயரைக் கழற்றிப் புது ஒயர் போட்டார், முனையில் பற்றவைத்தார், முகத்து வலையைத் துடைத்துவிட்டார். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க அண்ணே என்றது பெட்டி. மைக்குக்கு உயிர் வந்தது. எலக்ட்ரீஷியன் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, ஹலோ, மைக் டெஸ்டிங் என்றார். மைக் அந்த மூன்று வார்த்தையைப் பெட்டியிடம் கொடுத்தது, பெட்டி திருப்பிக் கொடுத்தது, மைக் மறுபடி கொடுத்தது. அவர் காதைப் பிடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி இருந்தது. எழுதுகிற பலகை ஒடிந்தது. எந்தப் பேச்சிலும் யாராவது ஒருவர் தூங்குவது அதன் மேல்தான். அதனால் அதற்கு யாரிடமும் பயம் கிடையாது. கூடம் காலியானதும் அது அங்கிருந்தே குரல் விட்டது.

“ஏலே மைக்கு, அன்னைக்கு எட்டுப் பேர் பேசுனாங்கல்லா. ஒருத்தர் சொன்னது ஒண்ணாவது உனக்கு ஞாபகம் இருக்கா?”

மைக் யோசித்தது. “எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க.”

“என்னத்தப் பேசுனாங்க?”

“அது பேசுறவங்க கவலை. குரல் குடுக்கிறது என் வேலை.”

“உன் குரலா? சரி. இப்ப ஆள் யாரும் இல்ல. நீயா ஒரு வார்த்தை பேசு. நான் எந்திரிச்சு நின்னு கைதட்டுதேன்.”

நாற்காலிக்குக் கை ஏது என்று மைக் கேலி செய்தது. கடைசி வரிசைக்கு மேடையைப் பற்றி என்ன தெரியும் என்றது. பொறாமை அண்ணே, விடுங்க என்றது பெட்டி. ஆனாலும் குத்தியது குத்தியதுதான். மைக் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை பார்த்தது. மேலே ஒரு மின்விசிறி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றது மைக். நாற்காலியின் ஒடிந்த பலகை ஒரு தடவை ஆடியது. சிரித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலைத் தேர்வு. மூன்று பேர் பேச வேண்டும். முதலில் ஏறியவனின் பேச்சை மைக் ஊளையில் முக்கி எடுத்தது. இரண்டாவதாக ஏறியவள் பாதியில் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். மேடம் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். சுடலைமுத்து தயாராகத்தான் நின்றார். மேடையேறி, ஒயரைக் கையில் பிடித்தார்.

“இன்னும் ஒரு பொண்ணு இருக்கா. அவ முடிச்சிரட்டும்” என்றார் மேடம். “அப்புறம் கழட்டிருங்க.”

அந்தப் பெண் ஜெபராணி. வருகைப் பதிவின்போது அவள் ‘உள்ளேன்’ என்பது பக்கத்து நாற்காலிக்கே எட்டாது. அதனால் வகுப்பில் இருந்துகொண்டே பல நாள் வராதவள் ஆனாள். மைக் இருக்கிறதே என்ற ஒரே தைரியத்தில்தான் பேர் கொடுத்திருந்தாள்.

அவள் மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். மைக்குக்குத் தெரியும், இது கடைசிப் பேச்சு. கடைசியாக ஒரு தடவை தன் குரலை ஆசைதீரக் கேட்டுவிட வேண்டும் என்று கழுத்தைப் பெட்டியின் பக்கம் இன்னும் ஒரு விரற்கடை சாய்த்தது. நான் இருக்கேன் அண்ணே என்று ஆரம்பித்தது பெட்டி.

‘அண்’ணோடு நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் சோம்பல் முறித்து நின்றன. கரன்ட் போய்விட்டது.

கூடம் முழுக்க ஒரு முனகல். பையன்கள் சிலர் எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். ஜெபராணி மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் கைக்கடிகாரம் கரன்ட்டில் ஓடவில்லை.

“உனக்கு நேரம் ஓடுது. கரன்ட்டுக்கும் தொண்டைக்கும் என்னம்மா சம்பந்தம்? பேசு.”

அவள் பேசத் தொடங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியராஜ்தான் முதலில் நாற்காலியை முன்னால் இழுத்தான். சீட்டு தனக்கு விழுந்துவிடுமோ என்ற பயம். அவனைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள். அறுபது நாற்காலியும் மேடைக்கு அடியில் வந்து ஒட்டிக்கொண்டன.

மைக்குக்கு முதலில் காது அடைத்த மாதிரி இருந்தது. பெட்டியின் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. தன் குரல் இல்லாத உலகத்தில் அது இருந்ததே இல்லை. நான் செத்துவிட்டேனா என்று பயந்தது. அப்புறம் ஏதோ ஒன்று கேட்டது. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். மூச்சு. அதற்கப்புறம் ஒரு சொல். இத்தனை நாள் தனக்கு எதிரே நின்றவர்கள் எல்லாருக்கும் மூச்சு இருந்திருக்கும் என்பதே மைக்குக்குப் புதுச் செய்தி.

ஜெபராணி தன் சித்தி கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி வளர்த்த ஆடு சித்தியைவிட்டுப் பிரியாதாம். வீட்டில் கட்டிப்போட்டு வந்தார்களாம். சர்ச்சில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். போதகர் புத்தகத்தைப் பார்த்து, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டானால் இப்போதே சொல்லலாம் என்கிறார். சர்ச் அமைதியாக இருக்கிறது. அப்போது வாசலிலிருந்து, அறுந்த கயிற்றோடு...

குரல் தேய்ந்தது. மைக்குக்கு அதற்கு மேல் சரியாகக் கேட்கவில்லை. கேட்டே ஆகவேண்டும் போல இருந்தது. தன்னை அறியாமல் மூலையிலிருந்து முகத்தைத் திருப்பியது. கழுத்தை வளைத்து, அவள் வாயருகே போய் நின்றது.

“...‘மே’ன்னு ஒரு சத்தம்” என்றாள் ஜெபராணி.

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுழன்றன. போனது திரும்பி வந்துவிட்டது. சுடலைமுத்துவின் கை ஒயரை இறுக்கியது. மேடம் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார். மூலையில் பெட்டி ஹூம் என்று எழுந்தது.

“அண்ணே, வந்துட்டேன். ஆரம்பிக்கலாமா?”

“சும்மா இருடா” என்றது மைக். “போதகர் என்ன சொன்னாருன்னு கேக்கணும்.”

பெட்டிக்கு வேறு வழியில்லை. மைக்கிடமிருந்து மைக்கின் குரல் வரவில்லை, ஜெபராணியின் குரல்தான் வந்தது. வந்ததைக் கொடுத்தது. பிறந்ததிலிருந்து யாருக்கும் எட்டாத அந்தக் குரல் கூடத்தின் நாலு சுவரிலும் போய் மோதித் திரும்பியது. ஜெபராணியே ஒரு கணம் திகைத்து, பின்னால் யார் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“போதகர் கண்ணாடியைக் கழட்டிட்டு, ‘ஒரு தடை பதிவாயிற்று, வேறு யாராவது?’ன்னு கேட்டாரு.”

அவள் முடிக்கும்போது நாலு நிமிடம் ஐம்பது நொடி. ஊளை இல்லை. மேடம் டப்பாவைக் குலுக்கினார். சீட்டு ஆரோக்கியராஜுக்கே விழுந்தது. அவன் எழுந்து, இந்தத் தடவை ஒருவரையும் விளிக்காமல், நேரே ஆட்டில் ஆரம்பித்து, கயிறு, வாசல், கண்ணாடி என்று ஒன்று விடாமல் சொன்னான். ‘மே’வை இரண்டு தடவை சொன்னான், கேட்காமலே. இருவருக்கும் முழு மதிப்பெண். அழுது இறங்கியவளும் அவளுக்கு முன்னால் பேசியவனும் மறுபடி ஏறிப் பேசினார்கள். அவர்கள் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டது. மைக்குக்கும் கேட்டது.

சுடலைமுத்து ஒயரை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். நான் பிடித்த பிடியில் சரியாகிவிட்டது என்று வராந்தா முழுக்கச் சொன்னார். புது ஒயரின் மகிமை என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எல்லாம் தன் திறமை என்று பெட்டி மின்விசிறிகளிடம் சொல்லிப் பார்த்தது. அவை சுற்றுகிற வேலையில் இருந்தன. ஏலே, நீ எப்படிலே திருந்துன என்று நாற்காலி கேட்டதற்கு, அந்த ஆட்டை அப்புறம் யார் பிடித்துக் கட்டினார்கள் என்றுதான் தெரியவில்லை என்றது மைக்.

இவர்கள் யாரும் சரிசெய்யவில்லை. மூன்று நிமிடம் வந்து, பெட்டியின் வாயை அடைத்து, கூடம் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நன்றிக்குக்கூடக் காத்திராமல் போனதே, அதுதான் செய்தது. மின்வெட்டு.