காப்பு ஏறாத கை

கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள்! ஏரிகள் கடலைப் போல் அலையடித்த அந்தக் காலத்தில், கழனிவாயில் என்ற ஊரை இளவெயினன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல அரசன்தான். ஆனால் அவன் பரம்பரையில் ஒரு கோணல் வழக்கம் இருந்தது.

ஊருக்கு மேலே பேரேரி. கரை உடைந்தால் ஊரே இல்லை. அந்தக் கரையைக் காக்கும் அதிகாரிக்கு ஒரு வெள்ளிக் காப்பு உண்டு. அவர் இறந்தால், காப்பு யார் கைக்குப் பொருந்துகிறதோ அவரே அடுத்த அதிகாரி. தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி? கிடையாது! மண்ணைப் பற்றி ஒரு கேள்வி? கிடையாது! காப்பு ஏறினால் போதும்.

ஒரு ஐப்பசியில் பழைய அதிகாரி இறந்துபோனார். மூன்று பேர் கை நீட்டினார்கள்.

முதலில் ஒரு பட்டு வணிகர். காப்பு முழங்கை வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்தவள் வேம்பி. இருபது வருடமாக அந்தக் கரையில் மண் வெட்டியவள், மண் சுமந்தவள், மண் மிதித்தவள். மண்வெட்டி பிடித்துப் பருத்த அவள் கையில், காப்பு விரல் முட்டியைத் தாண்டவில்லை. சபையே சிரித்தது. மூன்றாவது, அரசியின் தம்பி பூவழகன். பன்னீரில் ஊறிய கை. காப்பு சர்ரென்று ஏறி உட்கார்ந்தது! உடனே மேளம், மாலை, மரியாதை! எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு வந்தது மழை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள், விடாத மழை. ஏரி தளும்பியது. கரையின் வெளிப்பக்கம் இரண்டு இடத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்து ஊர் அலறியது. அரசனே ஓடிவந்தான்.

மேற்கே கசிவு தொடை பருமன். கிழக்கே, புளியமரத்தடியில், விரல் பருமன்.

"எல்லோரும் மேற்கே ஓடுங்கள்! பெரியதை அடையுங்கள்!" என்று கத்தினான் பூவழகன்.

கூடையும் கையுமாகக் கூட்டம் பாய்ந்தது. வேம்பி குறுக்கே போய் நின்றாள். "போகாதீங்க! பெருசு வருசா வருசம் கசியுறதுதான். சின்னதுதான் ஊரை முழுங்கப் போகுது!"

"காப்பு யார் கையில் இருக்கிறது?" என்று சீறினான் பூவழகன்.

அரசன் திகைத்து நின்றான். ஆட்கள் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். தவறான பக்கம் அனுப்பினால் ஆயிரம் வீடு போகும். அவன் பிள்ளைகளும் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

"உன் சொல்லை எப்படி நம்புவது?" என்று வேம்பியைக் கேட்டான்.

"ரெண்டு செம்பு குடுங்க மகாராசா."

ஒரு செம்பில் மேற்குத் தண்ணீர், ஒரு செம்பில் கிழக்குத் தண்ணீர் பிடித்து வைத்தாள். நூறு எண்ணும் நேரம் போனது.

"எது ஆபத்து? சொல்" என்றான் அரசன், மைத்துனனிடம்.

பூவழகன் உற்றுப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். நாக்கில்கூட வைத்துப் பார்த்தான். "தெரியவில்லை அத்தான்" என்று தலை குனிந்தான்.

வேம்பி செம்புகளைச் சாய்த்துக் காட்டினாள். "மேற்குத் தண்ணி தெளிவா இருக்கு, வெறும் தண்ணிதான் வருது. இந்தக் கிழக்குச் செம்போட அடியில பாருங்க, மண்ணு. எங்கேருந்து வந்துச்சு? நம்ம கரை மண்ணு மகாராசா! நண்டு வளை வழியா கரை உள்ளுக்குள்ளயே கரைஞ்சுக்கிட்டிருக்கு!"

அரசன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "இவள் சொல்வதைச் செய்யுங்கள்!"

"உபரித் தண்ணி போற கலிங்குல பலகையைத் தூக்குங்க, ஏரி இறங்கட்டும்! புளியமரத்தடியில மணல் கொட்டுங்க, மேல சரளை, அதுக்கும் மேல கல்லு! தண்ணி போகட்டும், மண்ணு நிக்கணும்!"

ஊரே கூடை தூக்கியது. அரசன் தூக்கினான். பூவழகனும் தூக்கினான், பாவம். பொழுது சாய்வதற்குள் புளியமரத்தடியில் தெளிந்த நீர் வந்தது. கரை நின்றது! ஊர் பிழைத்தது!

மறுநாள் சபையில் பூவழகன் தானே காப்பைக் கழற்றிக் கொடுத்தான். அரசன் அதை வேம்பியின் கையில் போட்டுப் பார்த்தான். இப்போதும் ஏறவில்லை. ஆனால் இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"தட்டாரைக் கூப்பிடுங்கள்" என்றான் அரசன். "காப்பை வெட்டிப் பெரிதாக்கட்டும்."

அதற்குப் பிறகு ஏரியில் எந்தப் பதவி கேட்டு யார் வந்தாலும் முதலில் இரண்டு செம்புதான். சில வருடம் கழித்து அரசனின் சொந்த மகனே வந்தான். செம்பைப் பார்த்து விழித்தான். வேம்பி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆகவே, ஒருவரைப் பதவியில் அமர்த்தும் முன் அந்த வேலை அவருக்குத் தெரியுமா என்று நாம் சோதிக்காவிட்டால், பிறகு வெள்ளம் வந்து சோதிக்கும்.