அடுத்து ஆட ஒரு ஆட்டம்

இசக்கியப்பன் மாடிப்படி ஏறி வந்தபோது காலை வகுப்பு முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் அறையில் மெஹருன்னிசா டீச்சர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அதையும் முடிச்சிட்டேன். அடுத்து ஆட ஒண்ணு சொல்லுங்க.”

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார்.

“யாரெல்லாம் மிஞ்சினாங்க அண்ணாச்சி?”

“எல்லாரும். ஆறு பேரும்.”

“அதுக்கு முன்னால ஆடினதுல?”

“அதுலயும் ஆறு பேரும்தான்.”

டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. இசக்கியப்பனுக்கு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் ஒரு குழுவுக்குத் தலைவன் அவன். சில மாதங்களாக விடுப்பில் இருந்தான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, எதையாவது படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அவன் மனைவி பாளையங்கோட்டையில் இருந்த இந்தப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். தட்டச்சு அவனுக்கு ஏறவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் ஏதோ ஆடிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தான். அதன்பிறகு அவன் தட்டச்சுக்காக வரவில்லை.

அவை பழைய ஆட்டங்கள். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் செய்யப்பட்டவை. ஆறு பேர் ஒரு குழுவாகப் போவார்கள். வாள்காரன், வில்காரி, மந்திரம் தெரிந்தவன், வைத்தியக்காரி என்று ஆளுக்கு ஒரு வேலை. சண்டை வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். யார் எந்தக் கட்டத்தில் நிற்பது, யார் முதலில் போவது, யார் பின்னால் இருந்து காப்பது என்று ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். சொன்ன பிறகுதான் அவர்கள் நகர்வார்கள்.

“ஒருத்தர்கூட விழாம எப்படி முடிச்சீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“சண்டைக்கு முன்னால சேவ் பண்ணிருவேன். யாராவது விழுந்தா பழைய இடத்துக்கே திரும்பிப் போயிருவேன். வாள்காரனை ஒரு கட்டம் தள்ளி நிறுத்துவேன். அப்பவும் யாராவது விழுந்தா, மறுபடியும் திரும்பிப் போவேன். ஆறு பேரும் நிக்கிற வரைக்கும் விட மாட்டேன்.”

“விழுந்தவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு பாத்திருக்கீங்களா?”

“இல்ல. அதை எதுக்குப் பாக்கணும்?”

“நாளைக்கு வாங்க” என்றார் டீச்சர்.

மறுநாள் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் தயாராக இருந்தது. இசக்கியப்பன் ஆசையாக உட்கார்ந்தான்.

“இதுல ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. சேவ் பண்ற வேலை எனக்கு. நீங்க அதைத் தொடக் கூடாது.”

“நீங்க எப்ப பண்ணுவீங்க?”

“ஒவ்வொரு சண்டையும் முடிஞ்ச உடனே. பழசு மேலேயே பண்ணுவேன், பழசு அழிஞ்சிரும்.”

“அப்ப யாராவது விழுந்தா?”

“விழுந்ததுதான்.”

அவன் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் மலையடிவாரத்தில் ஒரு கிராமம் இருந்தது. கிராமத்துக்கு அப்பால் ஒரு குகை. குகைக்குள் போனால்தான் கதை நகரும். இசக்கியப்பன் குழுவைக் குகை வாசல் வரைக்கும் கூட்டிப்போனான். அப்புறம் கிராமத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தான். கடையில் அம்பு வாங்கினான். மருந்து வாங்கினான். மறுபடியும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

தட்டச்சு பழக வந்த ஒரு பெண் டீச்சரிடம் கேட்டாள். “அந்த அண்ணாச்சி ஏன் டீச்சர் கடைவீதியிலயே சுத்திக்கிட்டிருக்காரு?”

“நீ உன் விரலைப் பாத்து அடி” என்றார் டீச்சர்.

அந்த வாரக் கடைசியில் இசக்கியப்பன் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

“உள்ள போகணும்னா யாராவது ஒருத்தரை முன்னால அனுப்பணும் டீச்சர். வழி அவ்வளவு ஒடுக்கம்.”

“ஆமா.”

“யாரை அனுப்ப?”

“நீங்கதானே அண்ணாச்சி தலைவர்.”

 கீழே இருந்த பேக்கரியில் ரொட்டி வேகும் வாசம் மேலே வந்தது. பிறகு, கேட்காமலே சொன்னான்.

“மெத்தைப் பஞ்சு வெச்சிருந்த ஒரு கிடங்கு. முழுக்கப் புகை. உள்ள ஆள் இருக்கான், ஆள் இருக்கான்னு வெளிய நின்ன சனம் கத்துச்சு. எனக்குப் பக்கத்துல ஜெபராஜ் நின்னான். இருபத்தாறு வயசு. ‘நீ போ’ன்னேன். போனான். தகரக் கூரை அவன் மேல இறங்கிருச்சு.”

“அவருக்கு என்ன ஆச்சு?” என்று டீச்சர் கேட்டார்.

“உயிருக்கு ஒண்ணும் இல்ல. இடது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. உள்ள ஆளே இல்ல டீச்சர். காவக்காரர் டீ குடிக்கப் போயிருந்திருக்காரு.”

“இப்ப அவர் எங்க இருக்காரு?”

“இங்கதான், பெரியாஸ்பத்திரியில. புண் இன்னும் ஆறலையாம். நான் போய்ப் பாக்கல.” அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். “அந்தக் கிடங்கையும் நான் தினம் மனசுக்குள்ள ஆடித்தான் பாக்கேன். வேற ஆளை அனுப்பிப் பாக்கேன். நானே போய்ப் பாக்கேன். கொஞ்சம் பொறுத்துப் பாக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதை வெச்சு எப்படி ஆடினாலும், யாராவது ஒருத்தன் உள்ள போகத்தான் வேண்டியிருக்கு.”

 டீச்சர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“ஆடுங்க” என்றார்.

அன்றைக்கு அவன் குகைக்குள் போனான். வாள்காரனை முன்னால் அனுப்பினான். முதல் சண்டையில் எல்லாரும் தப்பித்தார்கள். டீச்சர் வந்து சேவ் செய்துவிட்டுப் போனார். இரண்டாவது சண்டையிலும் அப்படியே. மூன்றாவதில் வாள்காரனுக்குப் பலத்த அடி. அவனைக் காப்பாற்ற வைத்தியக்காரியை முன்னால் நகர்த்தினான். பக்கவாட்டில் ஒரு வழி இருந்ததை அவன் கவனிக்கவில்லை. எதிரி அதன் வழியாக வந்து அவளை அடித்தான். சண்டையில் ஜெயித்தார்கள். வைத்தியக்காரி தரையில் கிடந்தாள்.

டீச்சர் வந்து விசைப்பலகைமேல் கை வைத்தார். இசக்கியப்பன் குறுக்கே கையை நீட்டினான்.

“ஒரே ஒரு தடவ டீச்சர். எங்க தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“எங்க?”

“அவளை அந்த வழிக்கு நேரா நிறுத்தியிருக்கக் கூடாது.”

“நிறுத்தும்போது தெரிஞ்சுதா?”

“தெரியல.”

டீச்சர் சேவ் செய்தார்.

“இது அநியாயம்” என்று இசக்கியப்பன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வகுப்பில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அதை நிமிர்த்தாமல் படியிறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு சில நாள் அவன் வரவில்லை. டீச்சர் ஆள் அனுப்பவில்லை. போன் செய்யவும் இல்லை. ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவன் வந்தான். உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். மிச்சமிருந்த ஐந்து பேரும் வைத்தியக்காரியைத் தூக்கிக்கொண்டு குகையை விட்டு வெளியே வந்தார்கள். கிராமத்தில் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். திரை மாறியது. ஒரு விளக்கு, ஒரு கட்டில், அதில் அவள். இப்படி ஒரு இடம் ஆட்டத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

திரையில் ஆங்கிலத்தில் வரிகள் வந்தன. அவன் கூப்பிட, டீச்சர் வந்து வாசித்துச் சொன்னார்.

“உயிர் இருக்கு. ஆனா கை இனிமே சரியா வராதாம். கண்ணைத் திறந்து உங்ககிட்ட கேக்கா. மத்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு.”

“நான் என்ன சொல்ல?”

“கீழ மூணு பதில் குடுத்திருக்கான். ‘என்னை மன்னிச்சிரு’ன்னு ஒண்ணு. ‘எல்லாரும் வந்துட்டாங்க, நீ தூங்கு’ன்னு ஒண்ணு. மூணாவது, ஒண்ணும் சொல்லாம வெளிய போறது.”

இசக்கியப்பன் மூன்றையும் பார்த்தான். மவுஸைப் பிடித்திருந்த கை நகரவில்லை. திரை காத்துக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

“இதுல எது சரி டீச்சர்?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“நீங்க சொல்ல மாட்டீங்க.”

“தெரியாதுன்னுதான் சொல்லுதேன்.”

அவன் மவுஸை விட்டான். சட்டைப் பையைத் தடவினான். பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தது.

“ஆஸ்பத்திரியில ஆள் பாக்க எத்தனை மணி வரைக்கும் விடுவாங்க?”

“ஆறு மணி வரைக்கும் விடுவாங்க” என்றார் டீச்சர்.

ஜெபராஜ் வார்டின் கடைசிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே போர்வை. அவன் அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். இசக்கியப்பனைப் பார்த்ததும் அவர் எழுந்து, செம்பை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சார்?”

இசக்கியப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

“தினம் சாயங்காலம் ஆனா வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பேன். நம்ம டிரைவர் வந்தாரு. ஸ்டேஷன்ல இருந்து எல்லாரும் வந்தாங்க. எதிர்த்த டீக்கடைக்காரர்கூட வந்துட்டுப் போனாரு.”

“வந்திருக்கணும்.”

“கால் போனதுக்கு உங்களை ஒரு நாளும் குறை சொல்லல சார். ‘நீ போ’ன்னீங்க, போனேன். நான் நின்ன இடத்துல நீங்க நின்னிருந்தா நீங்க போயிருப்பீங்க. ஆனா வராமலே இருந்தீங்க பாருங்க. செத்தவனை மறக்கிற மாதிரி.”

அதன்பிறகு ஜெபராஜ் நிறையப் பேசினான். சிலது கேட்கக் கூடாத வார்த்தைகள். பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இசக்கியப்பன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பேசிப் பேசி ஜெபராஜுக்கு மூச்சு வாங்கியது.

“ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்” என்றான்.

“சொல்லுதேன்.”

“உள்ள ஆள் இருந்தானா?”

“நம்ம பயலுவ உங்கிட்ட என்ன சொன்னாங்க?”

“கேட்டா பேச்சை மாத்துதாங்க. அம்மாவும் அப்படித்தான்.”

இசக்கியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“யாரும் இல்ல ஜெபராஜ். காவக்காரர் முன்னமே வெளிய போயிருக்காரு. கத்தின சனத்துக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.”

ஜெபராஜ் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். ஒரு நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அதை விழுங்கவில்லை, உள்ளங்கையிலேயே வைத்திருந்தான்.

“நாளைக்கு இன்னொரு இடத்துல, உள்ள ஆள் இருக்கான்னு சனம் கத்துது. அப்ப என்ன செய்வீங்க?”

“ஒருத்தனை அனுப்பத்தான் செய்யணும்.”

“யாரை?”

 இசக்கியப்பனுக்குக் கண் நிறைந்து வந்தது. அதைத் துடைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஜெபராஜ் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

“உக்காருங்க சார்” என்றான். “எவ்வளவு நேரம் நிப்பீங்க.”

இசக்கியப்பன் மறுபடியும் மாடி ஏறி வந்தபோது ஜன்னலோரக் கம்ப்யூட்டர் அவன் விட்டுப்போனபடியே இருந்தது. கட்டிலில் வைத்தியக்காரி. கீழே மூன்று பதில்கள்.

“போயிட்டு வந்தேன் டீச்சர். முதல் நாள் திட்டினான். நேத்து போனப்ப ஸ்டேஷன் கதையெல்லாம் கேட்டான்.”

“அவங்க அம்மா?”

“இன்னும் பேசல.”

டீச்சர் தலையசைத்தார்.

“திங்கக்கிழமை டூட்டிக்கு வாறேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். அவன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல.”

அவன் உட்கார்ந்து, நடுவில் இருந்த ‘எல்லாரும் வந்துட்டாங்க, நீ தூங்கு’ என்ற பதிலை அமுக்கினான். வைத்தியக்காரி ஏதோ சொன்னாள். டீச்சர் வாசிக்க வாயெடுத்தார்.

“வேண்டாம் டீச்சர், இருக்கட்டும்.”

மிச்சமிருந்தவர்களைக் குகை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினான். ஆறு பேருக்கான வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. உள்ளே இருட்டு.

“அஞ்சு பேரை வெச்சு இதை முடிக்க முடியுமா டீச்சர்?”

 டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு அருகில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது.

“தெரியாது அண்ணாச்சி. நான் எப்பவும் ஆறு பேரோடதான் முடிச்சிருக்கேன். நீங்க உள்ள போங்க, நான் பாக்கேன்.”